முள்ளு எறங்கோணும்

சூடாகட்டும். இன்னும் பத்து நிமிசம், கால் மணி நேரம்னே வெச்சுக்கலாம். ஆயில் சூடேறாமப் பச்சையா இருக்கறப்ப பிரஷர் முள்ளு எழுபது பவுண்டுல நிக்கும், எந்த ஓட்டை இஞ்சினுக்கும் நிக்கும், அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரக்கூடாதுன்னு இந்த ஆவாரம்பாளையம் பூராவும் பாடம் நடத்தினவன் நான்தான். ஆயில் சூடேறித் தண்ணியாட்டம் இளகினப்புறம் எவ்வளவு பிரஷர் நிக்குதோ, அதுதான் இஞ்சினோட யோக்கியதை. அதனால நிக்கறேன். பானெட்டைத் தூக்கி வெச்சு, டெஸ்ட் மீட்டரோட ரப்பர் ஓஸை இஞ்சின் பக்கவாட்டுல முறுக்கி, மீட்டரைத் துணி போட்டு ரேடியேட்டர் மேல சாத்தி வெச்சிருக்கறேன். எழுபது. எறங்கோணும். இருபதுக்கு எறங்கோணும், பதினஞ்சுக்கு எறங்கினா இன்னும் விசேஷம். வண்டி கெட்டுக் கிடக்கோணும் சாமின்னு வேண்டிக்கிட்டு நிக்கற மெக்கானிக்கு இந்தக் கோயமுத்தூர்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். டேஷ்போர்டுல இருக்கற மீட்டரு ஆனி மாசத்துல இருந்து பதினஞ்சைத்தான் காட்டிட்டு இருக்குது. இந்த டெஸ்ட் மீட்டரும் அதையே சொல்லிட்டா இஞ்சின்ல தப்பு, இஞ்சினைக் கட்டின மச்சான் கிட்டுசாமி மேல தப்பு. இது வேற சொன்னா தப்பு என் மேல. இதுல குழம்பறதுக்கு ஒண்ணுமில்லை. இருந்தாலும் குழம்பிட்டுத்தான் இருக்கறேன். அறுபத்தெட்டு. எறங்குது. இல்லை, வண்டி அதிர்ற அதிர்ச்சில அப்படித் தெரிஞ்சிருக்கும்.

கிட்டுசாமி எதுத்தாப்ல பேக்கரில உட்கார்ந்திருக்கார். இங்கிருந்து பார்த்தாத் தெரியும், நான்தான் பார்க்காம இருக்கறேன். என் சம்சாரம் மயிலாத்தாளோட அண்ணன். அறுபத்தொண்ணு, என்னை விட நாலு வயசு மூப்பு. இருபத்தொன்பது வருசமா இந்தப் பட்டறையில இஞ்சினோட வயித்துக்குள்ள இருக்கற வேலை பூராவும் அவரு, வெளிய தெரியற வேலை பூராவும் நானு. போர்டுல என் பேரு மட்டும் இருக்குது, அதைப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனியோட நின்னுட்டார். நின்னுட்டாராம், சொல்லிக்கறேன் பாரு. நான் நிறுத்தினேன். இப்ப வடவள்ளிப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் கேட்டுல உட்கார்ந்து, உள்ள போற வண்டி நம்பரை நோட்டுல எழுதிட்டு இருக்கறாராம். அதையும் மயிலாத்தா என்கிட்டச் சொல்லலை, அவ அக்காகூடப் போன்ல பேசறப்ப எனக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னா. இன்னைக்குப் பத்தரை மணிக்கு வந்தார். செருப்பை வாசல்லயே விட்டார். இத்தனை வருசத்துல ஒரு நாளும் விட்டதில்லை, பட்டறைக்குள்ள எவன் செருப்பை விடுவான், கால்ல இரும்புப் பிசிறு ஏறும். விருந்தாளி மாதிரி நின்னுட்டு, "மைக்ரோமீட்டர் பெட்டி இங்கயே இருக்குதுங்க மாப்ளே, எடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்"னார். என்னத்துக்குங்கன்னேன். "நமக்கு இனி அது எதுக்குங்க. பீளமேட்டுல லேத்து போட்டிருக்கற ஒருத்தருக்குக் குடுத்துட்டா அவராச்சும் அளப்பாரு"ன்னார். சித்த இருங்க மச்சான், டீ குடிச்சுட்டு வாங்க, தேடி வெக்கறேன்னு அனுப்பிட்டேன். தேடறதுக்கு என்ன இருக்குது அதுல. அலமாரில ரெண்டாந் தட்டுல, அவரு வெச்ச எடத்துல, அவரு மூடின மஞ்சத்துணியோட கிடக்குது. எனக்கு நேரம் வேணும், அவ்வளவுதான். ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரமாகும். அவருக்குக் கொஞ்சம் ஆகும், ஆத்தி ஆத்திக் குடிப்பார்.

டேப்பு. விரல் இடுக்குல ஒரு இழை இன்னும் ஒட்டிட்டு இருக்குது, எத்தனை தடவை துடைச்சாலும் போக மாட்டேங்குது. டெஸ்ட் மீட்டரை மாட்டறதுக்காகக் காலையில யூனிட்டைக் கழட்டினேன். யூனிட்டுன்னா இஞ்சின் பக்கவாட்டுல முறுக்கி வெச்சிருக்கற பித்தளைக் குமிழு. உள்ள இருக்கற பிரஷரைப் பார்த்து டேஷ்போர்டு முள்ளுக்குச் சொல்றது அதுதான். அதுக்கு ஒத்தை வயருதான் வரும். கரண்டு வர்றது வயர்ல, திரும்பிப் போறது இஞ்சின் இரும்பு வழியா. குமிழோட திருகு மரை இரும்பைத் தொட்டுட்டு இருக்கோணும், அதுதான் எர்த்து. மரை சரியாத் தொடலைன்னா இந்த மாதிரி மீட்டர்ல முள்ளு கம்மியாத்தான் காட்டும். ஐடிஐ முதல் வருசத்துப் பையனுக்குத் தெரியும். கழட்டிப் பார்த்தா மரையைச் சுத்தி ரெண்டு சுத்து வெள்ளை டேப்பு, தண்ணிக் குழாய்க்குச் சுத்தறது. யாருடா சுத்தினதுன்னு ஒரு நொடி கோபம் வந்துச்சு பாரு, அதை நினைச்சாத்தான் இப்பச் சிரிப்பு வருது. வேற யாரு. நஞ்சப்பன் கை பட்ட வண்டி ஒரு சொட்டு ஆயில் சிந்தாது, அதுதானே நம்ம பெருமை. பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும், சீமைக்காரனே ஒத்துக்கிட்டது அது, நான் ஒத்துக்க மாட்டேன். டெலிவரி குடுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்கு அடியில தினத்தாளை விரிச்சு வெச்சு, காலையில பார்ட்டி வந்ததும் அந்தப் பேப்பரை உருவி எடுத்து முன்னாலயும் பின்னாலயும் திருப்பிக் காட்டுவேன். ஒரு பொட்டு இருக்குதுங்களா பாருங்கம்பேன். அதைப் பார்க்கறதுக்குன்னே வர்ற ஆளுக உண்டு. இந்த வண்டிக்கும் விரிச்சேன். பேப்பர்ல யூனிட்டுக்கு நேர் கீழ ஒரே ஒரு பொட்டு, பட்டாணி அளவு. அந்த ஒரு பொட்டுக்காகத்தான் சுத்தினேன். எர்த்து என்னாகும்னு யோசிக்கவேயில்லை. டேஷ்போர்டு அன்னைக்குக் கழட்டி வெளிய இருந்துச்சு, முள்ளு என்ன சொல்லுதுன்னும் பார்க்கலை. மறுநா வேற பேப்பரு விரிச்சேன், சுத்தமா இருந்துச்சு, மச்சான்கிட்டக் கூடக் காட்டினேன். நல்லாருக்குதுங்க மாப்ளேன்னார்.

அறுபது. இது எறங்கற எறக்கந்தான். ஆனா இது எல்லா இஞ்சினுக்கும் எறங்கறது, இதுக்குச் சந்தோசப்படக்கூடாது. சந்தோசமாம். இது வத்சலா மேடத்தோட வண்டி, அவங்க அப்பா காலத்துல கப்பல்ல வந்தது, ரெண்டே பேர் உட்காரலாம், துணிக்கூரை, மொளகாப்பழச் செவப்பு. அப்பா போனப்புறம் பத்து வருசம் சும்மா கிடந்ததை எங்ககிட்டத்தான் நம்பிக் குடுத்தாங்க. மச்சான் இஞ்சினைப் பூராப் பிரிச்சு, பேரிங் புதுசு போட்டு, ஒரு மாசம் உட்கார்ந்து கட்டினார். முதல் ஓட்டம் மேடத்தையே ஓட்டச் சொல்லிட்டு நான் பக்கத்துல ஏறிக்கிட்டேன். அவிநாசி ரோடு, வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜனம் பூரா எங்களையே திரும்பிப் பார்க்குது, எனக்கு அப்படி ஒரு மிதப்பு. அப்பத்தான் மேடம் கேட்டாங்க, "இந்த முள்ளு இப்படித்தான் இருக்குமா நஞ்சப்பன்?" பதினஞ்சு. அந்த எடத்துலயே எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குள்ள விட்டு எறங்கின கையோட மச்சான்கிட்ட ஆரம்பிச்சேன், எதைப் பார்த்து அளவெடுத்தீங்கன்னு. மேடம் நிக்கறாங்க, பக்கத்து லேத்துக்காரங்க ரெண்டு பேரு எட்டிப் பார்க்கறாங்க. மச்சான் மெதுவாத்தான் கேட்டார், "மீட்டரை ஒருக்காப் பார்த்துரலாங்களா மாப்ளே"ன்னு. அதுதான் சரியான கேள்வி. அதைத்தான் முதல்ல பார்த்திருக்கோணும், எவன் வந்தாலும் நான் அதைத்தான் முதல்ல பார்ப்பேன், டெஸ்ட் மீட்டரு ஆணியில தொங்கிட்டு இருக்குது, அஞ்சு நிமிச வேலை. மேடம் முன்னாடி எனக்குச் சொல்லித் தர்றாரான்னு பத்திக்கிட்டு வந்துச்சு. மீட்டரு பொய் சொல்லாது, உங்க கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னேன். கண்ணு தெரியாதவன் ஊட்டுல படுத்துக் கிடக்கோணும், அடுத்தவங்க வண்டில கை வெக்கக்கூடாதுன்னேன். தெரியாதவன்னு சொல்லிட்டேன். சம்சாரத்தோட அண்ணனை, மூத்தவரை, தோள்ல துண்டு போட்டு எங்க கல்யாணத்துல பந்தி பார்த்த மனுசனை. அவரு கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியில துடைச்சு, மறுக்காப் போட்டுக்கிட்டு, "இருக்குமுங்க"ன்னார். ஒரு சண்டை போட்டிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு நாள்ல எறங்கி வந்திருப்பேன். இருக்குமுங்கன்னா நான் அதை என்ன பண்ணறது.

அம்பத்திரண்டு. அதோட விட்டிருந்தாக் கூடத் தப்புன்னுதான் பேரு, பாவம்னு ஆகியிருக்காது. மனுசன்னா கோபத்துல பேசறதுதான். ஆனா ஆடியில, பதினெட்டு முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, ஷட்டரைப் பாதி எறக்கிட்டு நான் ஒருத்தனே இஞ்சினைக் கழட்டினேன். பேரிங் தகடுகளை ஒண்ணொண்ணா எடுத்து வெள்ளைத்துணி மேல வெச்சேன். ஒரு கீறல் இல்லை. நகத்தை வெச்சு நெருடிப் பார்த்தேன், பளிங்காட்டம் இருக்குது. சரி, அளவு தப்பியிருக்கும்னு அவரோட மைக்ரோமீட்டரையே எடுத்து அளந்தேன். பெட்டி மூடில அவரு பென்சில்ல எழுதின அளவு இருந்துச்சு. ஒத்துப்போச்சு. தப்பா அளந்துட்டேனோன்னு மறுக்கா அளந்தேன். மூணாந்தடவையும் அளந்தேன், அதேதான். அன்னைக்கு மத்தியானமே வடவள்ளிக்கு வண்டியை எடுத்திருக்கோணும். எடுக்கலை. அதுக்குப் பதிலா மேடத்துக்குப் போன் பண்ணி, பேரிங் போயிடுச்சுங்க, நல்லவேளை பார்த்தேன், புதுசு போட்டுடறேன்னு சொன்னேன். எப்படி வந்துச்சு அந்த வார்த்தைன்னு இன்னும் தெரியலை, நாக்கு தானாச் சொல்லிடுச்சு. சொல்லிட்டதுனால புதுசு போட்டேன். ஓட்டினேன். பதினஞ்சு. அப்பவே தெரிஞ்சிருக்கோணும், ஏன், தெரிஞ்சுது, தெரிஞ்சதுனாலதான் வண்டி மேல தார்ப்பாயைப் போட்டு மூடினேன். ஆயில் பம்ப்பு சீமையில இருந்து வரோணும்னு மேடத்துக்கு இன்னொரு பொய். தார்ப்பாயைத் தாண்டி நடக்கறப்ப மூஞ்சியை அக்கட்டால திருப்பிட்டே நடப்பேன். தீபாவளிக்கு மயிலாத்தா அவ அண்ணன் ஊட்டுக்குத் தனியாப் போயிட்டு வந்தா. நீங்களும் வர்றீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலை. நானும் கேளுன்னு நிக்கலை. இந்த ஞாயித்துக்கிழமை ஊட்டிக்குப் பழைய வண்டிக ஊர்வலமாம், மேடத்துக்கு வண்டி வேணும், இன்னைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன்னாங்க. இல்லைன்னா இந்தத் தார்ப்பாயை நான் பொங்கல் வரைக்கும் கூட எடுத்திருக்க மாட்டேன்.

நாப்பது. கை வெச்சுப் பார்த்தேன், இஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற சம்பு சுடுது, ரேடியேட்டரு கொதிக்கற பதம். இதுக்கு மேல சூடாகறதுக்கு ஒண்ணுமில்லை. சும்மா ஓடறப்ப நாப்பது. கையால ரேஸ் குடுத்தேன், அறுபத்தஞ்சுக்குப் போச்சு. விட்டேன், நாப்பது. மறுக்காக் குடுத்தேன், மறுக்கா அறுபத்தஞ்சு. புது இஞ்சின்ல கூட இது நிக்காது. பேரிங் என்னவோ நான் போட்டதுதான் உள்ள இருக்குது, ஆனா அவரு போட்டதும் இதேதான் காட்டியிருக்கும், நான் அளந்தேனே, ஒரு புள்ளி வித்தியாசமில்லையே. சரி, இப்ப என்ன. டேப்பை உரிச்சுப் போட்டுட்டு, மரையைத் துடைச்சு, யூனிட்டை முறுக்கிட்டா டேஷ்போர்டு முள்ளு எந்திரிச்சு நிக்கப் போகுது. பார்த்தீங்களா மேடம்னா முடிஞ்சுது. புதுப் பேரிங் போட்டதுல சரியாப் போச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. மச்சான் பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவார். பொய்யின்னு ஒண்ணு தனியாச் சொல்லக் கூட வேண்டியதில்லை, வாயை மூடிட்டு இருந்தாப் போதும். இல்லைன்னா நடுவாந்தரமா ஒண்ணு சொல்லலாம், மீட்டர்லயும் கொஞ்சம் கோளாறு இருந்திருக்குது போலிருக்குங்க மச்சான்னு. மீட்டரு. மீட்டருக்கு வாயிருக்குதா, அதுவா வந்து இல்லைன்னு சொல்லப் போகுது. போலிருக்குதுன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டா யாரு மேலயும் விழாது. எவ்வளவு அழகா வருது பாரு இந்தப் புத்திக்கு, இதுல பத்துல ஒரு பங்கு ஆனி மாசம் வந்திருக்கக் கூடாதா. சொல்லாம விட்டா அவரு சாகற வரைக்கும் அந்தக் கேட்டுல உட்கார்ந்து, தன் கண்ணு போச்சு, கை போச்சுன்னு நினைச்சுட்டு நம்பரை எழுதிட்டு இருப்பார். நம்பரைத் தப்பா எழுதிட்டமோன்னு ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு வர்றாராம், மயிலாத்தா போன்ல சொன்னா. அதையும் எனக்குக் கேக்கற மாதிரிதான் சொன்னா. சொல்லிடோணும். தனியாச் சொல்லிடலாம், பெட்டியைக் குடுக்கறப்ப மெதுவா. திட்டினது ஊரு பார்க்க, மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா.

வெளிய கார் கதவு சாத்தற சத்தம். மேடம் கண்ணாடியைத் தலை மேல ஏத்திக்கிட்டு உள்ள வர்றாங்க. பேக்கரில இருந்து மச்சானும் ரோட்டைத் தாண்டிட்டு இருக்கறார், ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து, கண்ணு தெரியாதவங்க தாண்டற மாதிரி.

"ஓடுதே. சரியாயிடுச்சா நஞ்சப்பன்? பம்ப் வந்துடுச்சா?"

"வாங்க மேடம்"னேன். மேடம் டெஸ்ட் மீட்டரைப் பார்த்துட்டு, "நாப்பதுன்னா நல்லதுதானே?"ன்னாங்க. தலையை ஆட்டினேன். மச்சான் செருப்பை விட்டுட்டு உள்ள வந்தவர் மேடத்தைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மாப்ளே பண்ணினாச் சரியாத்தானுங்க இருக்கும்"னார். "நான் பண்ணினதுலதானுங்க கோளாறு. வயசாயிடுச்சுங்க. உங்களுக்குத்தான் சிரமமாப் போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேங்க."

மறந்துட்டாங்களாம். நல்லது, எல்லாரும் மறந்தாச்சு. அவரு சிரிச்சுட்டே நின்னார். நான் பேச ஆரம்பிச்சப்ப என் குரலு எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

"மேடம், இந்த இஞ்சின்ல ஒண்ணுமில்லீங்க. ஆனியிலயும் ஒண்ணுமில்லை. யூனிட்டு மரையில நான் டேப்பு சுத்திட்டேன், எர்த்து கிடைக்காம முள்ளு கம்மியாக் காட்டிடுச்சு. பம்ப்புன்னு சொன்னதும் பொய்யிங்க. மச்சான் செஞ்ச வேலைல ஒரு குறையும் கிடையாது. உங்க முன்னாடி வெச்சுத்தான் அவரைப் பேசினேன், அதனால உங்க முன்னாடியே சொல்லிடறேன்."

"டேப்பா? வெறும் டேப்பா?" மேடம் சிரிச்சுட்டாங்க. நிம்மதியில வர்ற சிரிப்புத்தான், அவங்க மேல ஒண்ணும் சொல்ல முடியாது. "நான் இஞ்சினே போயிடுச்சுன்னு பயந்துட்டு இருந்தேன்."

மச்சான் சிரிக்கலை. ரேடியேட்டர் பக்கம் வந்து குனிஞ்சு மீட்டரைப் பார்த்தார். ஒத்தை விரலால ரேஸ் குடுத்தார், முள்ளு ஏறுச்சு, விட்டார், எறங்கி நின்னுச்சு. ரெண்டு தடவை. அப்புறம் அவரே கையை உள்ள விட்டுச் சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"அப்ப நான் போட்ட பேரிங்கு?"ன்னார்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க மச்சான்."

"கழட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அளந்தும் பார்த்தேன். நீங்க எழுதி வெச்சது அப்படியே இருந்துச்சு."

"எப்பங்க?"

பொய் ஒண்ணு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, நேத்துன்னு. சத்தியமா வந்துச்சு.

"ஆடியில."

மச்சான் தலையை ஆட்டிக்கிட்டார். கணக்குப் போடறாருன்னு தெரிஞ்சுது. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. அவரு முகத்துல கோபத்தைத் தேடினேன், இருந்தா நல்லாருக்கும்னு தேடினேன்.

"புரட்டாசியில நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனனுங்க"ன்னார். "மருந்து ஊத்தி ஒரு நாள் பூரா உட்கார வெச்சுப் பார்த்தாங்க. உங்க கண்ணுல ஒரு குறையுமில்லைங்க பெரியவரே, போய் வேலையைப் பாருங்கன்னாரு டாக்டரு."

மேடம் சிரிப்பை நிறுத்திட்டாங்க.

"அவரு சொன்னதை நான் நம்பலைங்க மாப்ளே. நீங்க சொன்னதைத்தான் நம்பினேன்."